ஜிபிஎஸ் வாட்ச்: ஒன்றரை வருடம் தினமும் கட்டினேன், இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான்

இந்த வாட்சை வாங்கி இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. முதல் ஒன்றரை வருடம் ஒரு ஓட்டம்கூட விடாமல் கட்டிக்கொண்டு ஓடினேன். கடந்த பத்து மாதமாக வாரத்தில் இரண்டு நாள் மட்டும். ஆப் கணக்குப்படி மொத்தம் 2,600 கி.மீ.க்கு மேல் என் கையில் இருந்திருக்கிறது, அதனால் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

எந்த கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை. கீழே நான் சொல்லும் குறைகள் கையில் கட்டும் ஜிபிஎஸ் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட பொது, ஒரு கம்பெனி தலையில் கட்டுவது நியாயமில்லை. பதினேழாயிரம் ரூபாய். ஐந்து பட்டன், டச் கிடையாது, நாற்பது கிராமுக்கும் குறைவான எடை. ரன்னர்களுக்கென்றே வரும் ஆரம்ப நிலை மாடல்.

முதலில் பட்டன் பற்றி. கடையில் டச் ஸ்கிரீன் மாடல்தான் அழகாகத் தெரியும், விற்பவரும் அதைத்தான் எடுத்துக் காட்டுவார். ஆனால் சென்னையில் காலை ஐந்தரை மணிக்கே விரல் நுனி வரை வேர்த்து ஊற்றுகிறது. ஈர விரலோடு டச் ஸ்கிரீனில் லேப் (ஓட்டத்தைப் பிரித்து நேரம் பார்க்கும் ஒரு பகுதி) மாற்ற முயன்ற என் தோழி, ஓட்டத்தையே நிறுத்தி சேவ் பண்ணிவிட்டாள். பட்டனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கண்ணால் பார்க்காமலே கட்டைவிரலால் தடவி அமுக்கலாம். இந்த ஊருக்குப் பட்டன்தான் என்பதில் எனக்கு சந்தேகமே இல்லை. ஸ்கிரீனும் பளபளப்பானது இல்லை, ஆனால் மெரினாவில் ஏழு மணி வெயில் நேராக முகத்தில் அடிக்கும்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பேட்டரி ஞாயிறு மதியம் ஒரு முறை சார்ஜ் போட்டால் அடுத்த ஞாயிறு வரை வரும். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

சரி, இப்போது ஜிபிஎஸ்.

எங்கள் தெருவில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. அதன் கீழே நின்று, இடது கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் வரை காத்திருப்பது முதல் மூன்று மாதம் என் காலை வழக்கம். பால் வண்டிக்காரர் முதலில் என்னை ஒரு மாதிரி பார்ப்பார், பிறகு பழகிவிட்டார். சில நாள் பத்து வினாடியில் கிடைக்கும், சில நாள் இரண்டு நிமிடம் ஆகும். போனோடு முந்தின இரவு இணைத்து வைத்திருந்தால் சீக்கிரம் கிடைக்கும், ஏனென்றால் எந்தச் செயற்கைக்கோள் எப்போது எங்கே இருக்கும் என்ற விவரத்தை அது போன் வழியாகவே எடுத்து வைத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் அந்த விவரத்தை 20,200 கி.மீ. உயரத்திலிருந்து மெதுவாக வாங்க வேண்டும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள் கண்ணில் பட்டால்தான் தன் இடத்தைச் சரியாகக் கணக்குப் போட முடியும். மரத்தை விட்டு பத்தடி தள்ளி, வானம் தெரியும் இடத்தில் நின்றால் போதும் என்பது எனக்குப் புரியவே மூன்று மாதம் ஆனது.

பாதை விஷயத்தில் மெரினா சர்வீஸ் ரோடு மாதிரி திறந்த இடத்தில் இந்த வாட்சைக் குறை சொல்லவே முடியாது. உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் போய்த் திரும்பினால் ஐந்தரை கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக வரும், எத்தனை முறை ஓடினாலும் வித்தியாசம் ஐம்பது மீட்டருக்குள்தான். ஆனால் இந்திரா நகர் ஸ்டேஷனிலிருந்து திருவான்மியூர் ஸ்டேஷன் பக்கம் பறக்கும் ரயில் பாலத்தை ஒட்டி ஓடிப் பாருங்கள். மேலே கான்கிரீட், பக்கத்தில் உயரமான கட்டடங்கள். சிக்னல் கட்டடத்தில் மோதித் திரும்பி வருவதால் கொஞ்சம் தாமதமாகிறது, அந்தத் தாமதத்தைத் தூரம் என்று வாட்ச் எடுத்துக்கொள்கிறது. அன்றைய வரைபடத்தில் நான் பக்கிங்காம் கால்வாய்க்குள் இறங்கி, மறுகரை ஏறி, திரும்ப வந்திருந்தேன். அந்த ஒரு கி.மீ.க்கு வாட்ச் காட்டிய பேஸ், அதாவது ஒரு கி.மீ. ஓட ஆகும் நேரம், 4:50. என் வாழ்நாளில் நான் அந்த வேகத்தில் ஒரு கி.மீ. ஓடியதில்லை. இரண்டு அலைவரிசையில் வாங்கும் விலை கூடிய மாடல்களில் இது வெகுவாகக் குறைகிறது என்பது உண்மை, என்னுடையது ஒற்றை அலைவரிசை. அதனால் ஓடும்போது அந்தந்த நொடி பேஸை நான் பார்ப்பதே இல்லை. லேப் பேஸ், அதாவது அந்தக் கிலோமீட்டரின் சராசரி, அது ஒன்றைத்தான் ஓரளவு நம்பலாம்.

இதயத்துடிப்பு அதைவிட மோசம். அடியில் பச்சை விளக்கு எரியும், தோலுக்குக் கீழே ரத்த ஓட்டம் கூடிக் குறைவதை அது பார்க்கிறது. ஸ்ட்ராப் தளர்வாக இருந்தாலோ, வேர்வையில் வழுக்கினாலோ, துடிப்பை விட்டுவிட்டு நாம் வைக்கும் அடிகளை எண்ண ஆரம்பித்துவிடும். என் கேடன்ஸ், அதாவது அடி எண்ணிக்கை, நிமிடத்துக்கு 170 பக்கம். மெதுவாகப் பேசிக்கொண்டே ஓடும்போது இதயத்துடிப்பும் 170 என்று வந்தால் எனக்கு இப்போது தெரியும், இது இதயம் இல்லை, கால். ஆனால் முதல் வருடம் தெரியாது. ஒரு நாள் பயந்துபோய் ஓட்டத்தை நிறுத்தி நடந்தே வீட்டுக்கு வந்தேன். இதயத்துடிப்பு சரியாக வேண்டுமென்றால் மார்பில் கட்டும் பட்டைதான், கையில் வருவதை மேலோட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் பழகிக்கொள்ளக்கூடிய குறைகள். எனக்கு உண்மையில் கெடுதல் செய்தது வேறு விஷயம். வாட்ச் சரியாகக் காட்டிய எண்தான் அதைச் செய்தது.

போன வருடம் ஏப்ரல் மாதம். ஜனவரியில் எனக்கு ஈஸி ரன் என்றால் 6:50 பேஸ், பேசிக்கொண்டே ஓடுவேன். ஏப்ரல் கடைசியில் அதே சாலை, அதே மூச்சு, ஆனால் வாட்ச் 7:25 என்கிறது. காரணம் எளிது. காற்றில் ஈரம் கூடும்போது வேர்வை காயாது, வேர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது, ரத்தத்தில் ஒரு பங்கைத் தோலுக்கு அனுப்பிச் சூட்டை வெளியேற்ற இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும், கால்களுக்குக் கிடைப்பது குறையும். சென்னையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஓடும் யாருக்கும் இது நடக்கும். இது எனக்கும் படித்துத் தெரியும். தெரிந்தும் 7:25 என்ற எண்ணைக் கையில் பார்த்ததும் கால் தானாக வேகம் எடுத்தது. ஒரு நாள் இல்லை, தினமும். போதாததற்கு வாட்ச் கணக்கிடும் விஓ2 மேக்ஸ் (உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்ற மதிப்பீடு) 41-லிருந்து 38-க்கு இறங்கி, பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. அதே பேஸுக்கு இதயத்துடிப்பு கூடியிருக்கிறது, அதனால் தகுதி குறைந்துவிட்டது என்று என் மாடல் கணக்குப் போடுகிறது. வெயிலை அது கணக்கில் சேர்ப்பதில்லை. (சில உயர்ந்த மாடல்கள் சேர்க்கின்றன.) நானோ மூன்று மாத உழைப்பு வீணாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் ஒரு ஞாயிறு இரவு. வாரக் கணக்கு 38 கி.மீ. என்று நின்றது. காலையில் பதினைந்து ஓடியிருந்தேன், கால் கனத்துக்கிடந்தது. நாற்பதாக்கினால் ஆப்பில் அந்த வட்டம் முழுதாகும். சாப்பாட்டுக்கு முன் இறங்கி எங்கள் தெருவையே சுற்றிச் சுற்றி இரண்டு கி.மீ. ஓடி முடித்தேன். புதன்கிழமை வலது காலின் முன்பக்க எலும்பில் வலி. ஷின் ஸ்பிளின்ட். ஏழு வாரம் ஓடவில்லை. பிசியோதெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வி, "ஈஸி ரன்னை ஈஸியா ஓடறீங்களா?" என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

நான் ஓடும் குழுவில் ஒரு சார் இருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எண்பதுகளிலிருந்து மெரினாவில் ஓடுகிறார். கையில் காசியோ எஃப்-91டபிள்யூ. 1989-ல் வந்த மாடல், 21 கிராம், பேட்டரி ஏழு வருடம் வரும், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். அதிலுள்ள ஸ்டாப்வாட்ச் ஒரு மணி நேரம் வரைதான் ஓடும், பிறகு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், எத்தனையாவது சுற்று என்று அவரே நினைவில் வைத்துக்கொள்வார். சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை பதினாறு நிமிடம், வெயில் காலமென்றால் பதினெட்டு. அதற்கு மேல் அவருக்குக் கணக்கு வேண்டாம். கால் சரியாகித் திரும்பிப் போன முதல் நாள் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்:

"அதைக் கொஞ்ச நாள் வீட்ல வெச்சுட்டு வாம்மா. மூச்சைக் கேளு. அது உனக்கு முன்னாடியே சொல்லிடும்."

"எவ்வளவு தூரம் ஓடினேன்னு தெரியாம எப்படி சார்?"

"மெரினாதானே, எங்கே போயிடப் போறது? சிலை எங்கே இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் இடது கை தானாகத் தூக்கும், வெறும் மணிக்கட்டு தெரியும், அதில் பட்டை மறைத்திருந்த இடம் மட்டும் வெளுத்து ஒரு கோடு. மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பெசன்ட் நகரிலிருந்து உடைந்த பாலம் பக்கம் போனேன். ஊரூர் குப்பத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள், மீன் செதில் மணலில் மின்னியது. அடையாறு முகத்துவாரத்துப் பக்கமிருந்து காற்று எதிரே வந்தது. காற்றுக்கு எதிராக ஓடும்போது மூச்சு மூன்று அடிக்கு ஒன்றாக இருந்தது இரண்டடிக்கு ஒன்றாக மாறுவதை அன்றுதான் முதல் முறையாகக் கவனித்தேன். இத்தனை மாதம் அது நடந்துகொண்டுதான் இருந்திருக்கும், நான் அப்போதெல்லாம் 7:10-ஐ 7:05 ஆக்கும் வேலையில் இருந்தேன். மாறியதும் வேகத்தைக் குறைத்தேன். யாரும் சொல்லவில்லை, எந்த அதிர்வும் கையில் வரவில்லை.

மூச்சைக் கேட்பது என்பது பெரியவர்கள் சொல்லும் பொத்தாம்பொதுவான பேச்சு இல்லை. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் உழைப்பை உணர்வால் அளக்க 6-லிருந்து 20 வரை ஓர் அளவுகோல் வைத்தார், உணரும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ இதயத்துடிப்பு வரும் என்ற கணக்கில். இன்றும் மருத்துவமனைகளில் டிரெட்மில் சோதனையின்போது அதைக் கேட்கிறார்கள். நாம் பழகிக்கொண்டால் நம் உடம்பே ஒரு நல்ல மீட்டர், வெயிலையும் தூக்கத்தையும் நேற்றைய களைப்பையும் சேர்த்தே அது கணக்கிடுகிறது.

இன்னொன்றும் நினைத்துப் பார்க்கிறேன். இந்திய ஓட்டக்காரர் சிவ்நாத் சிங் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் ஓடியது 1978-ல். முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனதும் அதே 1978-ல்தான். பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை சேர்த்துக் கொடுப்பதை அமெரிக்கா நிறுத்தியது 2000 மே மாதம், ரன்னர்களுக்கென்று கார்மின் ஃபோர்ரன்னர் கைக்கு வந்தது 2003-ல். இத்தனைக்குப் பிறகும் நாற்பது வருடத்துக்கு மேல் அந்த 2:12 தேசிய சாதனையாக நின்றது. வாட்ச் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, வாட்ச் இல்லாவிட்டால் பயிற்சி ஒழுங்காக இருக்காது என்று புதிதாக வருகிறவர்களிடம் சிலர் சொல்கிறார்களே, அவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் பதினேழாயிரம் வீணா என்றால், இல்லை. இப்போதும் புதன்கிழமையும் ஞாயிறும் கட்டுகிறேன். புதன் இன்டர்வல், எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் 800 மீட்டர் ஆறு முறை. முன்கூட்டியே போட்டு வைத்துவிட்டால் தொடங்கு, நிறுத்து, ஓய்வு எடு என்று அதிர்வு மூலம் அதுவே சொல்லும், நான் எண்ணிக்கையை மறந்துவிட்டு ஓடலாம். இந்த வேலையைக் காசியோவால் செய்ய முடியாது. ஞாயிறு லாங் ரன், பெசன்ட் நகரில் ஆரம்பித்து திரு.வி.க. பாலம், சாந்தோம், கலங்கரை விளக்கம், உழைப்பாளர் சிலை, அங்கிருந்து திரும்பினால் இருபதுக்குப் பக்கத்தில் வரும். தண்ணீர் எங்கே, சக்திக்கான ஜெல் எப்போது என்று திட்டம் போட தூரம் தெரிய வேண்டும். ஞாயிறு ஸ்கிரீனில் தூரமும் நேரமும் மட்டும் வைத்திருக்கிறேன், பேஸை எடுத்துவிட்டேன். செட்டிங்கில் இரண்டு நிமிட வேலை. வாட்சைக் கழற்றி வைக்க மனசு வராதவர்கள் குறைந்தபட்சம் இதையாவது செய்து பாருங்கள்.

போட்டி நாளில் கட்டுவேன், ஆனால் முழுசாக நம்ப மாட்டேன். இதற்கு நான் கொடுத்த விலை அதிகம். என் முதல் ஹாஃப் மாரத்தானில் (21.0975 கி.மீ.) குறி கி.மீ.க்கு ஆறு நிமிடம், அதாவது 2:06:35. கடைசி வரை வாட்சில் சராசரி 5:58 என்றே காட்டியது, நிம்மதியாக ஓடினேன். முடிவுக் கோட்டைத் தாண்டியபோது 2:07:41. வாட்சைப் பார்த்தால் 21.4 கி.மீ. என்று இருக்கிறது. போட்டிப் பாதை தவறில்லை. முறையாக அளக்கும் பாதையை, தூரம் சரிபார்த்த சைக்கிளில், சக்கரத்தில் எண்ணும் கருவி பொருத்தி, ஒவ்வொரு வளைவிலும் ஓடக்கூடிய மிகக் குட்டையான கோட்டைப் பிடித்து அளக்கிறார்கள். பாதை குறைந்துவிடக் கூடாதென்று கி.மீ.க்கு ஒரு மீட்டர் கூடவே சேர்க்கிறார்கள். நாம் கூட்டத்தை விலக்கி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, வளைவில் வெளிப்பக்கமாகப் போகிறோம், அதோடு ஜிபிஎஸ் கோணல் வேறு சேர்கிறது. 21.0975 கி.மீ.யை 2:07:41-ல் ஓடினால் உண்மையான பேஸ் 6:03. அடுத்த போட்டியிலிருந்து தானாக விழும் லேப்பை அணைத்துவிட்டு, சாலையோரத்தில் வைத்திருக்கும் கி.மீ. பலகையைத் தாண்டும்போது நானே லேப் பட்டனை அமுக்குகிறேன். வெறும் ஸ்டாப்வாட்ச் போலத்தான் அதைப் பயன்படுத்துகிறேன், அதுதான் சரியாக வருகிறது.

நேரு ஸ்டேடியம் மாதிரி நானூறு மீட்டர் டிராக்கிலும் அப்படித்தான். உள் லேனில் பன்னிரண்டரை சுற்று ஐந்து கி.மீ., வாட்ச் என்ன சொன்னாலும்.

பெண்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு, விடியுமுன் தனியாக ஓடும்போது பாதுகாப்புக்காவது தினமும் கட்டலாமே என்று. இருக்கும் இடத்தை வீட்டுக்கு அனுப்புவது என் வாட்ச் இல்லை, அதோடு இணைந்த போன்தான். அதனால் வாட்ச் இல்லாத நாளிலும் போன் இடுப்புப் பையில் இருக்கும், லொகேஷன் என் கணவருக்குப் போய்க்கொண்டிருக்கும். அதைவிட முக்கியம், ஓட்டங்களைப் பதிந்து பகிரும் ஸ்ட்ராவா மாதிரி ஆப்பில் வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைத்து வையுங்கள். தினமும் ஒரே வாசலில் ஆரம்பித்து ஒரே வாசலில் முடியும் கோடு, யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய விலாசம். 2018 ஜனவரியில் எல்லோருடைய பாதைகளையும் சேர்த்துக் காட்டும் ஸ்ட்ராவாவின் வெப்ப வரைபடத்திலிருந்து ராணுவ முகாம்களின் இடமே தெரிந்துபோய் உலகச் செய்தியானது. வாட்ச் வாங்கிய அன்றே செய்ய வேண்டிய முதல் செட்டிங் இது.

ஸ்ட்ராப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் பட்டைக்கு அடியில் வேர்வை தேங்கி, முதல் கோடையில் மணிக்கட்டைச் சுற்றி வேர்க்குரு போட்டு தோல் உரிந்தது. ஓடி வந்ததும் சோப்புப் போட்டு வாட்சைக் கழுவி, துடைத்துக் காய வைத்து, பகல் முழுக்கக் கட்டாமல் விட்டதும் சரியாகிவிட்டது.

வாங்கலாமா என்று கேட்டால்: ஓட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகாதவர்கள் இப்போதைக்கு வாங்க வேண்டாம், அந்தப் பணத்தில் கால் அளவுக்குச் சரியான இரண்டு ஜோடி ஷூ வாங்குங்கள். ஹாஃப் அல்லது ஃபுல் மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம், பட்டன் உள்ள ஆரம்ப நிலை மாடலே போதும். அண்ணா சாலையும் ஓ.எம்.ஆரும்தான் உங்கள் ஓட்டப்பாதை என்றால் மட்டும் இரட்டை அலைவரிசைக்குக் கூடுதல் பணம் கொடுங்கள், மெரினாவுக்கு அது தேவையில்லை. பழைய வாட்ச் கிடைத்தாலும் எடுக்கலாம், ரன்னர்ஸ் குரூப்களில் அடிக்கடி விற்பனைக்கு வருகிறது. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் முழு சார்ஜ் போட்டு, ஜிபிஎஸ் ஆன் பண்ணி ஒரு மணி நேரம் ஓடிப் பாருங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.